ஒன்றரை ஷிப்டும் தொண்டைக்கதிரும்

"ஏனுங்க, வேப்பெண்ணெ அடிச்சமுங்க. ஒரு தடவ இல்லீங்க, ரெண்டு தடவ. கதிரு பாதிதான் வெளிய வந்துச்சு, மீதி உள்ளயே கருகிப் போச்சுங்க. இந்த இயற்கை மருந்தெல்லாம் பேச்சுக்குத்தானுங்களா?"

தாராபுரம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல்பதிவு இது. அமராவதி வாய்க்கால் பாசனத்தில் ஒன்றரை ஏக்கர் நெல். வீட்டுக்காரர் திருப்பூரில் நிட்டிங் கம்பெனியில் வேலை செய்கிறார். சீசன் நேரத்தில் தினமும் ஒன்றரை ஷிப்ட். ராத்திரி வீடு வந்து சேரும்போது வயலில் வரப்புகூடத் தெரியாது. அதனால் தெளிப்பான் அவர் தோளில் ஏறுவது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான்.

எப்போது அடித்தீர்கள் என்று திருப்பிக் கேட்டேன். "கருப்புத் தெரிஞ்சதுக்கு அடுத்த ஞாயித்துக்கெழமைங்க" என்றார்.

அவர் கேள்விக்கான பதில் அந்த ஒரு வரியிலேயே இருக்கிறது. வேப்பெண்ணெயில் குறை இல்லை. அவர்கள் உழைப்பிலும் குறை இல்லை. நாள்தான் தவறிப்போனது. அந்த நாளை எப்படிப் பிடிப்பது என்பதுதான் இந்த வாரப் பேச்சு. ஏனென்றால் போனது வெறும் கதிர் இல்லை. விதைக்கும், உழவுக்கும், நடவுக் கூலிக்கும் அவர்கள் கொடுத்த பணம் சனிக்கிழமை தோறும் வாங்கிய கம்பெனிச் சம்பளம். பல வாரத்து ஒன்றரை ஷிப்ட் அந்த வயலுக்குள் கிடக்கிறது.

பனியன் சீமையில் நெல்லா?

வெளியூர் வாசகர்கள் இப்படிக் கேட்கலாம். திருப்பூர் என்றால் ஊருக்கெல்லாம் பனியன்தான் ஞாபகம் வரும். ஆனால் கோவை, ஈரோடு மாவட்டங்களிலிருந்து பிரித்து 2009-ல் உருவான இந்த மாவட்டத்தின் தெற்குப் பாதியில் அமராவதி ஓடுகிறது. உடுமலை, மடத்துக்குளம், தாராபுரம் பக்கம் போனால் கல்லாபுரம், குமரலிங்கம், கணியூர் என்று ராஜவாய்க்கால் பாயும் ஊர்கள் வரிசையாக வரும். அணை கட்டியது 1950-களின் கடைசியில். வாய்க்கால்களும் நெல்லும் அதற்கு மிகவும் முந்தியவை.

இன்றைக்கு அந்த ஊர்களின் பல வீடுகளில் ஒரு கால் வயலில், இன்னொரு கால் கம்பெனியில். காலையில் கம்பெனி வேன் வந்து நின்றால் பாதித் தெரு ஏறிவிடும். பெரியவர்களும் பெண்களும் பண்ணயம் பார்க்கிறார்கள். மருந்து அடிப்பது, மூட்டை தூக்குவது மாதிரியான வேலைகள் லீவு நாளுக்காகக் காத்திருக்கின்றன. நெல்லுக்கு வரும் நோய் ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருப்பதில்லை. சிக்கல் அங்கேதான்.

உறைக்குள்ளே அழுகும் கதிர்

அந்த வாசகி சொன்ன அடையாளங்களைப் பார்த்தால் இது இலை உறை அழுகல் நோய். நெற்பயிரில் கடைசியாக வரும் இலையைக் கண்ணாடி இலை என்பார்கள். அதன் அடியில், தண்டைச் சுற்றியிருக்கும் உறைக்குள் கதிர் சுருண்டு, பொதிந்து இருக்கும். கருவுற்ற வயிறு மாதிரி உறை லேசாகப் புடைத்திருக்கும். தொண்டைக்கதிர்ப் பருவம் அதுதான்.

நோய் வந்தால் அந்த உறைமேல் ஒழுங்கில்லாத சாம்பல், பழுப்பு நிறப் புள்ளிகள் தோன்றி ஒன்றோடொன்று கலந்துவிடும். கதிர் பாதி வெளியே வந்து நின்றுபோகும். சில சமயம் வெளியே வரவே வராது. உறையைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே வெள்ளைத் தூள்போலப் பூஞ்சை படர்ந்திருக்கும். வந்த மணிகளும் நிறம் மாறி, பதராகப் போகும்.

இதை மற்ற நோய்களோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. இலையில் கண் வடிவத்தில், இரண்டு முனையும் கூராக, நடுவில் சாம்பல் நிறமாகப் புள்ளி இருந்தால் அது குலை நோய். அதுவே கதிரின் கழுத்தில் வந்தால் கதிர் ஒடிந்து தொங்கும். தண்ணீர் மட்டத்தை ஒட்டி, தூரின் அடி உறையில் பாம்புத்தோல் மாதிரித் திட்டுத் திட்டாக ஏறினால் அது இலை உறை கருகல். இலை முழுக்க எள் தெளித்த மாதிரிப் பழுப்புப் புள்ளி என்றால் செம்புள்ளி நோய். நான்கும் பூஞ்சைதான். ஆனால் வரும் இடம் வேறு, வரும் நேரம் வேறு.

பூஞ்சைதானே என்று அலட்சியமாக இருக்கவும் முடியாது. 1943 வங்கப் பஞ்சத்துக்கு யுத்தமும் அரசாங்கத்தின் முடிவுகளும் பெரிய காரணங்கள். அதற்கு முந்தைய பருவத்தில் வங்காளத்து நெல்லைச் செம்புள்ளி நோய் கடுமையாகத் தாக்கியிருந்தது என்பதும் வரலாற்றில் பதிவாகியிருக்கிறது.

டயரைப் போல நாற்பது மடங்கு

செடிச்சாறு ஏன் முன்னாலேயே அடிக்க வேண்டும்? பூஞ்சை உள்ளே நுழையும் விதத்தைத் தெரிந்துகொண்டால் இது தானாகப் புரியும்.

குலை நோய்ப் பூஞ்சையை எடுத்துக்கொள்வோம். காற்றில் வரும் அதன் வித்து கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. இலைமேல் ஒட்டிக்கொண்டு, பனி ஈரத்தில் முளைக்கும். முளைத்ததும் நுனியில் ஒரு சின்னக் குமிழியை உண்டாக்கிக்கொள்கிறது. அந்தக் குமிழிக்குள் ஏறும் அழுத்தம் ஒரு கார் டயரில் இருப்பதைப் போலச் சுமார் 40 மடங்கு. அந்த அழுத்தத்தில் இலையின் தோலை ஊசி மாதிரித் துளைத்துக்கொண்டு உள்ளே போகிறது. போன பிறகு அது இலைக்குள் வாழ்கிறது. நாம் பார்க்கும் புள்ளி, உள்ளே அது குடியேறிச் சில நாட்கள் ஆன பிறகு தெரிவது.

வேப்பெண்ணெயும் செடிச்சாறுகளும் பெரும்பாலும் இலையின் மேற்பரப்பில் வேலை செய்பவை. வித்து முளைக்காமல் தடுக்கும், முளைத்தாலும் வளரவிடாது. வேம்பு பூச்சிகளையும் ஒதுக்கிவைப்பதால் பூச்சி கடித்த காயத்தின் வழியாக நோய் நுழைவதும் குறையும். ஆனால் உள்ளே போய்விட்ட பூஞ்சையைத் துரத்திப் பிடிக்கும் சக்தி அவற்றுக்கு அவ்வளவாகக் கிடையாது.

கம்பெனிக்காரர்களுக்குப் புரிகிற மாதிரிச் சொன்னால், துணியில் ஓட்டை இருப்பதைக் கட்டிங்குக்கு முன்னாலேயே பார்த்துவிட்டால் அந்தத் துண்டை ஒதுக்கலாம். தைத்து, அயர்ன் செய்து, பேக்கிங் டேபிளில் கண்டுபிடித்தால் பீஸ் ரிஜெக்ட்தான். புள்ளியைப் பார்த்த பிறகு வேப்பெண்ணெய் அடிப்பது பேக்கிங் டேபிளில் ஓட்டை பார்ப்பது மாதிரி.

வேண்டாத இரண்டு செடிகள்

இனி மருந்துக்கு வருவோம். இலை உறை அழுகல் நோய்க்குக் கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் பரிந்துரையில் வேம்போடு இன்னும் இரண்டு செடிகள் இருக்கின்றன. பெயரைக் கேட்டால் சிரிப்பு வரும். ஒன்று வேலிக்கருவை, அதாவது சீமைக்கருவேலம். இன்னொன்று நெய்வேலிக் காட்டாமணக்கு.

வேலிக்கருவை 19-ம் நூற்றாண்டில் விறகுக்கும் வேலிக்கும் என்று கொண்டுவரப்பட்டு, தரிசையெல்லாம் பிடித்துக்கொண்டது. அதை வெட்டச் சொல்லி உயர் நீதிமன்றம் வரை வழக்குப் போன கதை நமக்குத் தெரியும். காட்டாமணக்கு குளத்திலும் வாய்க்கால் ஓரத்திலும் ஊதாப்பூவோடு நின்று தண்ணீரை மறிப்பது. இரண்டையும் ஒழிக்கத்தான் நாம் கூலி கொடுக்கிறோம். அந்த இலைகளை நிழலில் உலர்த்திப் பொடித்து, நீரில் ஊறவைத்து வடிகட்டிய சாறு இந்த நோய்க்குப் பயன்படுகிறது.

பரிந்துரை இதுதான். ஒரு ஹெக்டேருக்கு 25 கிலோ இலைப்பொடி, வேலிக்கருவையோ காட்டாமணக்கோ ஏதாவது ஒன்று. அல்லது 5 சதவீத வேப்பங்கொட்டைக் கரைசல். அல்லது 3 சதவீத வேப்பெண்ணெய், ஹெக்டேருக்கு 15 லிட்டர். நம் ஏக்கர் கணக்கில் இலைப்பொடியோ வேப்பம்பருப்போ 10 கிலோ, எண்ணெய் என்றால் 6 லிட்டர். நான்கில் ஒன்று போதும், எல்லாவற்றையும் கலக்கத் தேவையில்லை. தெளிப்பது இரண்டு முறை. முதல் தடவை தொண்டைக்கதிர்ப் பருவத்தில். அடுத்தது அதிலிருந்து 15-ம் நாள்.

கவனித்தீர்களா? "நோய் கண்டதும்" என்று அதில் இல்லை. பருவத்தைச் சொல்லித்தான் நாள் குறித்திருக்கிறார்கள்.

வேப்பங்கொட்டைக் கரைசல்: செய்முறை

வீட்டிலேயே செய்ய எளிதானது இதுதான் என்பதால் ஒரு ஏக்கர் கணக்கில் எழுதுகிறேன். ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனி, ஆடியில் வேப்பம்பழம் உதிரும்போதே பொறுக்கி, சதையை நீக்கிக் கழுவி, நிழலில் காயவைக்க வேண்டும். வெயிலில் காயப்போட்டால் சத்து போய்விடும். பூசணம் பிடித்த கொட்டை ஆகாது. 8 மாதத்துக்கு மேல் பழையதும் ஆகாது. போன வருஷத்துச் சாக்கு மூலையில் கிடக்கிறது என்று அதை எடுக்க வேண்டாம்.

ஓடு நீக்கிய பருப்பு 10 கிலோ எடுத்து இடித்துத் தூளாக்குங்கள். முதல் நாள் ராத்திரி 20 லிட்டர் தண்ணீரில் ஊறவையுங்கள். மறுநாள் நன்றாகப் பிசைந்தால் பால் மாதிரி வெள்ளையாக வரும். அதை இரண்டு மடிப்புத் துணியில் வடிகட்டி, மொத்தம் 200 லிட்டர் ஆகும் வரை தண்ணீர் சேர்க்க வேண்டும். 400 கிராம் காதி சோப்பைத் தனியாகக் கரைத்து ஊற்றிக் கலக்குங்கள். சோப்பு இல்லாவிட்டால் கரைசல் நெல் இலையில் நிற்காது, முத்து முத்தாக உருண்டு விழுந்துவிடும். வேப்பெண்ணெய் அடிப்பவர்கள் முதலில் எண்ணெயில் சோப்புக் கரைசலை விட்டு நன்றாக அடித்துக் கலக்கி, பிறகு தண்ணீர் சேர்க்க வேண்டும். எண்ணெய் மேலே தனியாக மிதந்தால் முதல் டேங்க்கில் தண்ணீரும் கடைசி டேங்க்கில் வெறும் எண்ணெயுமாகப் போய்ப் பயிர் கருகும்.

வடிகட்டத் துணிக்கு நம் மாவட்டத்தில் பஞ்சமா? சாயம் ஏற்றாத வெள்ளைப் பனியன் துணி, கட்டிங் வேஸ்ட்டில் கிலோ கணக்கில் கிடைக்கும். ஒருமுறை அலசி, இரண்டாக மடித்துப் பயன்படுத்துங்கள். வடிகட்டுவதில் சோம்பல்பட்டால் நாசில் அடைத்துக்கொண்டு பாதிப் பொழுது அதைக் குத்துவதிலேயே போகும்.

200 லிட்டர் என்றால் 10 லிட்டர் தெளிப்பானில் 20 டேங்க். பலர் 8, 10 டேங்க்கிலேயே ஏக்கரை முடித்துவிடுகிறார்கள். நுனி இலை நனைந்திருக்கும், நோய் வரும் உறை நனைந்திருக்காது. இந்த நோய்க்கு மருந்து போய்ச் சேர வேண்டிய இடம் கண்ணாடி இலையின் அடி உறை. நாசிலைச் சற்றுத் தாழ்த்தி, நிதானமாக நடக்க வேண்டும்.

நேரம், பிற்பகல் மூன்றரை மணிக்கு மேல். வேம்பின் சாரம் வெயிலில் சீக்கிரம் சிதைந்துபோகும் என்பது ஒரு காரணம். இன்னொன்றும் இருக்கிறது. நெற்பூ காலையில்தான் விரியும், உச்சிப்பொழுதுக்குள் மூடிக்கொள்ளும். இரண்டாவது தெளிப்பு பூக்கும் சமயத்தில் வரும் என்பதால், சாயங்காலம் அடித்தால் பூவுக்குத் தொந்தரவு இல்லை. கரைத்ததை அன்றைக்கே அடித்து முடித்துவிட வேண்டும்.

காலண்டரில் ஒரு வட்டம்

இனிதான் முக்கியமான கணக்கு. பாட்டி காலத்தில் தினமும் வயலுக்குப் போய்வருகிறவர் ஒருவர் வீட்டில் இருந்தார். பயிர் பொதி கட்டுவதை அவர் கண் பார்த்துச் சொல்லிவிடும். ஒன்றரை ஷிப்ட் வீட்டில் அந்தக் கண் வாரம் ஒருமுறைதான் வயலுக்குப் போகிறது. அந்தக் கண் செய்த வேலையைக் காலண்டரிடம் கொடுத்துவிடலாம்.

நெல் ரகம் எதுவானாலும் பூத்ததிலிருந்து அறுவடைக்குச் சுமார் 30 நாள். ரகத்துக்கு ரகம் வயது கூடுவதும் குறைவதும் அதற்கு முந்தைய வளர்ச்சிப் பருவத்தில்தான். ஆகவே அறுவடை நாளிலிருந்து பின்னோக்கி 45 நாள் எண்ணினால் தொண்டைக்கதிர்ப் பருவத்தின் வாசலுக்கு வந்துவிடுவோம்.

வெள்ளைப் பொன்னி 135 நாள் பயிர். செப்டம்பர் 1-ம் தேதி நாற்றங்காலில் விதைத்தால் பொங்கலையொட்டி அறுவடை. நவம்பர் 30 சுமாருக்கு 90-வது நாள். அன்றைக்கு ஒரு வட்டம் போடுங்கள். 15 நாள் தள்ளி, மார்கழி பிறக்கும் சமயத்தில் இன்னொரு வட்டம். கோ 51 மாதிரி 105, 110 நாள் ரகம் என்றால் முதல் வட்டம் 60-லிருந்து 65-வது நாளுக்குள். எண்ணத் தொடங்குவது விதைத்த நாளிலிருந்து, நட்ட நாளிலிருந்து இல்லை. குளிரும் தண்ணீரும் இரண்டு மூன்று நாள் முன்பின் ஆக்கலாம். அதனால் வட்டம் போட்ட நாளுக்கு இரண்டு நாள் முன்பே ஒருவர் போய்த் தண்டைத் தொட்டுப் பார்க்க வேண்டும். கண்ணாடி இலை வந்து, உறை புடைக்கத் தொடங்கியிருந்தால் சரி.

வட்டம் புதன்கிழமை விழுந்தால் என்ன செய்வது? அங்கேதான் வீட்டில் பேச வேண்டும். ஞாயிறு வரை நான்கு நாள் தள்ளுவதைவிட, முந்தைய ஞாயிறு அடிப்பது மேல். பயிர் அதற்குத் தயாராக இல்லை என்றால் ஒரு நாள் மட்டும் ஒரு ஷிப்ட்டோடு நிறுத்திக்கொண்டு அல்லது லீவு சொல்லிவிட்டு வருவது மேல். நாள் முன்கூட்டியே தெரிந்திருந்தால் சூப்பர்வைசரிடம் ஒரு வாரம் முன்பே சொல்லி வைக்கலாம். பக்கத்து வயல்காரரும் கம்பெனிக்காரர்தானே? இரண்டு வீடும் முறை வைத்துக்கொண்டால் ஒருவருக்கு ஒரு லீவுதான் ஆகும்.

முனிச்சில் நடந்த வழக்கு

செடிச்சாறு எல்லாம் பாட்டி வைத்தியம், அறிவியல் இல்லை என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. வேப்பெண்ணெயால் பயிரின் பூஞ்சையைக் கட்டுப்படுத்தும் முறைக்கு 1994-ல் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் ஒரு காப்புரிமை கொடுத்தது. வாங்கியவர்கள் அமெரிக்க வேளாண்மைத் துறையும் டபிள்யூ. ஆர். கிரேஸ் என்ற நிறுவனமும். பூச்சிக்கு இல்லை, பூஞ்சைக்கு. சரியாக நாம் பேசிக்கொண்டிருக்கும் அதே விஷயம்.

வந்தனா சிவாவும், ஐரோப்பிய நாடாளுமன்றப் பசுமைக் கட்சியின் மக்தா ஆல்வூட்டும், இயற்கை விவசாய இயக்கங்களின் உலகக் கூட்டமைப்பும் சேர்ந்து அதை எதிர்த்தார்கள். இந்தியாவில் ஏற்கெனவே தெரிந்த, பயன்பாட்டில் இருந்த விஷயம் இது, புதிதாகக் கண்டுபிடிக்க ஒன்றுமில்லை என்பது வாதம். 2000 மே மாதம் முனிச் நகரில் காப்புரிமை ரத்தானது. மேல்முறையீடும் 2005 மார்ச்சில் தள்ளுபடியானது. ஒரு பெரிய நாட்டு அரசுத் துறை உரிமை கேட்டு நின்ற அளவுக்கு மதிப்புள்ளது, நம் வாசலில் உதிர்ந்து கிடக்கும் கொட்டை.

ஆடு தின்னாத இலை எல்லாம் போதுமா?

மதிப்புள்ளது என்பதற்காக எல்லா நோய்க்கும் அதுவே போதும் என்று சொல்ல மாட்டேன். நம்மாழ்வார் போன்றவர்கள் ஊர் ஊராகப் போய்ப் பரப்பிய பூச்சிவிரட்டி நம் எல்லோருக்கும் தெரியும். ஆடு தின்னாத இலை, ஒடித்தால் பால் வரும் இலை, கசப்பான இலை என்று ஐந்து வகை இலைகளை ஊறவைத்து அடிப்பது. பூச்சியை ஒதுக்க அது நல்ல வழி. ஆனால் பூஞ்சை ஆடும் இல்லை, பூச்சியும் இல்லை. வாசனையும் கசப்பும் அதை விரட்டாது. பூஞ்சை நோய்க்கு என்று சோதித்துச் சொன்ன சாற்றைத்தான் எடுக்க வேண்டும்.

குலை நோய் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். வெள்ளைப் பொன்னியும், ஆந்திரா பொன்னி என்று நாம் சொல்லும் பி.பி.டி. 5204-ம் அதற்கு எளிதில் ஆளாகும் ரகங்கள். ராத்திரிக் குளிர், விடிந்தும் விலகாத பனி, தூறல், மூடிய வானம், கூடவே யூரியாவை அள்ளி வீசிய வயல் என்றால் குலை நோய்க்கு விருந்து வைத்த மாதிரி. தழைச்சத்தை ஒரேயடியாகப் போடாமல் பிரித்துப் போடுவது, நெருக்கி நடாமல் இருப்பது, வரப்புப் புல்லைச் சுத்தம் செய்வது ஆகிய மூன்றும் எந்தச் சாறையும்விட முந்திய மருந்து. ஒரு கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ் கலந்து விதைநேர்த்தி செய்வதும் அப்படித்தான். கழுத்துக் குலை கண்ணில் பட்டுவிட்ட வயலில் வேப்பெண்ணெயை நம்பி நாளைக் கடத்த வேண்டாம். அன்றைக்கே வேளாண் அலுவலரைக் கேளுங்கள். அவர் பூஞ்சாணக்கொல்லி சொன்னால், சொன்ன அளவில், சொன்ன நாளில் அடியுங்கள். கொள்கைக்காகக் கதிரை விட்டுவிட முடியாது.

இன்னொரு எச்சரிக்கை, குழந்தைகள் இருக்கும் வீடுகளுக்கு. செடியிலிருந்து வந்தது என்பதால் நஞ்சில்லை என்று ஆகாது. காட்டாமணக்கு ஆடு மாடுகளுக்கே விஷம். அதற்குப் பயன்படுத்திய வாளி, குண்டா எல்லாம் தனியாக இருக்கட்டும், தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போக வேண்டாம். கையுறை போட்டு, மூக்கைக் கட்டிக்கொண்டு பொடியுங்கள். வேப்பெண்ணெயைக் கைக்குழந்தைக்குச் சங்கில் புகட்டும் பழக்கம் எங்காவது மிச்சம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். உயிருக்கே ஆபத்தாகியிருக்கிறது.

திருப்பூருக்குத் தெரிந்த பாடம்

அப்படியென்றால் ஏன் இவ்வளவு சிரமம், முதலிலேயே கடை மருந்தை அடித்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். இதற்கான பதிலைத் திருப்பூர் வேறு யாரையும்விட அதிக விலை கொடுத்துக் கற்றிருக்கிறது.

1990-களின் நடுவில் ஜெர்மனி சில வகை அசோ சாயங்களைத் தடை செய்தபோது, துணியில் என்ன இருக்கிறது என்று பையர் டெஸ்ட் ரிப்போர்ட் கேட்கத் தொடங்கினார். நொய்யலில் 1992-ல் பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் குட்டையாகிப்போனது. 2011-ல் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்ட நாட்களை மறக்க முடியுமா? அந்த ஆற்றோரத்தில் பயிர் வைத்தவர்களும் நம் ஆட்கள், பட்டறையில் வேலை இழந்தவர்களும் நம் ஆட்கள்.

அரிசிக்கும் அந்தச் சோதனை வந்துவிட்டது. குலை நோய்க்கு அடிக்கும் டிரைசைக்ளசோல் என்ற மருந்தின் எச்சம் அரிசியில் கிலோவுக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்றிருந்த வரம்பை, 2018 முதல் 0.01 மில்லிகிராமாக ஐரோப்பா குறைத்தது. வட இந்தியப் பாசுமதி ஏற்றுமதியாளர்கள் திணறினார்கள். நம் வயல் நெல் ஐரோப்பா போவதில்லை. நம் வீட்டுச் சோற்றுப் பானைக்குத்தான் வருகிறது. அதற்கு டெஸ்ட் ரிப்போர்ட் கேட்கும் பையர் யாரும் இல்லை. அதனால்தான் தேவையில்லாத ஒரு தெளிப்பைக் குறைக்க முடிந்தால் நாமே குறைத்துக்கொள்ள வேண்டும் என்கிறேன். சரியான நாளில் அடித்த வேப்பங்கரைசல் அந்த ஒரு தெளிப்பை மிச்சப்படுத்தலாம்.

சந்தேகம் வந்தால் உங்கள் வட்டார வேளாண் விரிவாக்க மையம் இருக்கிறது. பொங்கலூரில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. வேலை நேரத்தில் போக முடியாதவர்கள் கிசான் கால் சென்டருக்கு, 1800 180 1551 என்ற கட்டணமில்லா எண்ணில், தமிழிலேயே பேசலாம். நோய் தாக்கிய உறையைப் பகல் வெளிச்சத்தில், பக்கத்திலிருந்து ஒரு படம், முழுப் பயிரோடு ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு கேளுங்கள். "ஏதோ கருப்பா இருக்குங்க" என்று சொல்வதைவிட அது நூறு மடங்கு உதவும்.

குரல்பதிவு அனுப்பிய சகோதரிக்கு: இந்தப் போகம் போனது போனதுதான், அதைத் திருப்பித் தரும் மருந்து இல்லை. நோய் கண்ட வயலிலிருந்து அடுத்த போகத்துக்கு விதை எடுக்க வேண்டாம். நிறம் மாறிய மணியோடு நோயும் கூடவே வரும். புது விதை வாங்குங்கள், நேர்த்தி செய்து விதையுங்கள். விதைக்கிற அன்றைக்கே, சமையலறைக் காலண்டரில் உங்கள் வீட்டுக்காரர் கையாலேயே அந்த இரண்டு வட்டங்களையும் போடச் சொல்லுங்கள். கம்பெனி லீவுக்குப் பயிர் காத்திருக்காது என்பது அவருக்கும் தெரியும். எந்த நாளில் லீவு கேட்க வேண்டும் என்பதுதான் இதுவரை தெரியாமல் இருந்தது.